விமலா என்று யாரும் கூப்பிடாத லயம்

இறந்துபோன பிள்ளையின் பெயர் பெற்றவளின் காதில் விழாமல் ஊரே சேர்ந்து பார்த்துக்கொண்டால், அது இரக்கமா, கொடுமையா? இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி எழும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பது ஒரு வாசனைதான். மழை விட்ட பிறகு ரப்பர்ப் பால் ஸ்டோர் பக்கமிருந்து வீசும் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றமும், எங்கள் சமையற்கட்டில் அம்மா கொதிக்கவிடும் கறுப்புக் ‘கோப்பி’யின் மணமும் கலந்த வாசனை அது. அது வந்ததும், வடதுருவத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு பெண்மணி எங்கள் பலகை மேசையருகே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பதும், பன்னிரண்டு வயது நான் வாயைத் திறந்து பொய் சொல்வதும் அப்படியே தெரிகின்றன.

எங்கள் தோட்டம் மலேசியாவில், ரந்தாவ் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது. பாதி ரப்பர், பாதி செம்பனை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற மூன்று லயங்கள், ஒரு முருகன் கோயில், ஒரு சின்ன மாதா கோயில். நடு லயத்தில் இரண்டு விமலாக்கள் இருந்தார்கள். ஒருத்தி என் அக்கா. இன்னொருத்தி நான்கு வீடு தள்ளியிருந்த ராஜம்மா அத்தையின் மகள். இரண்டு பேரும் ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே வகுப்பில் படித்து, ஒரே சைக்கிளில் மாறி மாறிப் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். யாராவது “விமலா!” என்று கத்தினால் இரண்டு வாசலிலிருந்தும் “என்னா?” என்று சத்தம் வரும்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயதில் டிங்கிக் காய்ச்சல் வந்தது. திங்கள்கிழமை படுத்தாள், சனிக்கிழமை சிரம்பான் மருத்துவமனையிலிருந்து அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

அடக்கம் முடிந்து எட்டோ ஒன்பதோ நாள் இருக்கும். ராஜம்மா அத்தை பழக்க தோஷத்தில் குழாயடியிலிருந்து, “ஏய் விமலா, பக்கெட்ட எடுத்துட்டு வாடி!” என்று மகளைக் கூப்பிட்டுவிட்டார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு வாசலுக்கு ஓடிவந்தார். வந்து நின்று, குழாயடியைப் பார்த்து, சாலையைப் பார்த்து, மறுபடி குழாயடியைப் பார்த்தார். அங்கே நின்றிருந்த பெண்கள் அத்தனை பேரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். ராஜம்மா அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

எதிர்வீட்டு அஞ்சலை அக்கா அன்று மாலையே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் லயத்தில் வாய் பெரியது அவருக்குத்தான், மனமும் பெரியது. “இனிமே இந்த லயத்துல அந்தப் பேர யாரும் வாயில எடுக்கக்கூடாது. அந்தத் தாய் நெஞ்சு வெடிச்சு செத்துப்போயிரும். ராஜம்மா, ஒம் மகள இனிமே பேபின்னு கூப்புடு.” மறுநாளிலிருந்து அவள் பேபி. கடைக்காரர், வேலையை மேற்பார்க்கும் மண்டோர், கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார், எல்லாருக்கும் அவள் பேபி. முதல் சில வாரம் “பேபி” என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள், அப்புறம் பழகிவிட்டாள். எங்கள் வீட்டிலும் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. லயத்தாரின் அந்த அன்பை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்படி ஒரு காரியம் வேறு எந்தத் தோட்டத்தில் செய்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்கு மறு ஆண்டு, நான் ஆறாம் ஆண்டுப் பரீட்சை எழுதி முடித்திருந்த பள்ளி விடுமுறையில், மாதா கோயிலுக்குச் சாயம் பூசிக் கொடுக்கவும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கவும் கனடாவிலிருந்து ஒரு குழு வந்தது. மூன்று வாரமா, இரண்டு வாரமா, சரியாக நினைவில்லை. வேனிலிருந்து ஐந்து வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். ஆறாவதாக, குள்ளமாய், வட்ட முகமும் கருகருவென்ற முடியுமாய், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி, கழுத்து வியர்வையை வழித்து உதறினார்.

அஞ்சலை அக்கா நேராக அவரிடம் போய், “புவான், ஓராங் மானா?” என்று மலாயில் எந்த ஊர் என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். அவரும் கனடாதான் என்று உபதேசியார் சொன்னதும் அஞ்சலை அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது.

“யாருகிட்ட கதை விடறீங்க உபதேசியாரே? பாக்கறதுக்கு நம்ம ரெம்பாவ் மலாய்க்கார மக்சே மாதிரி இருக்காங்க, கனடாவாம்லா!”

அவர் பெயர் மார்த்தா. நாங்கள் மார்த்தா ஆன்ட்டி என்று கூப்பிட்டோம். மற்றவர்கள் சிரம்பானில் தங்கி வந்து போக, அவர் மட்டும் உபதேசியார் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். நாளைக்கு நான்கு தடவை குழாயடியில் குளித்தார். கையால் சோறு அள்ளிச் சாப்பிட்டார். மீன் தலையை அவர் உறிஞ்சிச் சாப்பிட்டதைப் பார்த்து, “இது நம்ம ஆளுதான்” என்று அஞ்சலை அக்கா ஒப்புக்கொண்டார். ஆங்கில வகுப்பில் நான் கொஞ்சம் துணிந்து பேசியதால், அவர் எங்கே போனாலும் கூடப் போகிற வேலை எனக்குக் கிடைத்தது. ஒருநாள் மலைப்பக்கத்திலிருந்து ‘பெத்தாய்’ என்ற காட்டு அவரைக்காய் விற்க வந்த ஓராங் அஸ்லி பழங்குடிப் பெரியவர் ஒருவர், மார்த்தா ஆன்ட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, நீ எந்த ஆற்றுக்காரி என்று மலாயில் கேட்டார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். எங்களுக்கு ஆறு இல்லை, கடல், அதுவும் ஆண்டில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கும் என்று அவர் சொன்னதை நான் மலாயில் திருப்பிச் சொன்னேன். பெரியவர் நம்பாமல் தலையை ஆட்டிவிட்டு, ஒரு கொத்துப் பெத்தாயைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்கு நடுவே நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்ற பெருமையில் அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயிலை ஒட்டிய கொட்டகையில் மார்த்தா ஆன்ட்டி தன் ஊர்ப் படங்களைக் காட்டினார். உபதேசியார் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இந்துக் குடும்பங்களும் வந்திருந்தன. பனிக்கட்டி வீட்டை எதிர்பார்த்திருந்த எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். படத்தில் இருந்தவை பலகை வீடுகள். எங்கள் லயத்தைப் போலவே கட்டைக்கால்மேல் நின்றன. வாசலில் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி. வேட்டைக்குப் போகிறவர்கள் வழியில் தங்கப் பனிக்கட்டி வீடு கட்டுவதுண்டு, தன் தாத்தா கட்டுவார் என்றார். பிறகு, “நான் கிளம்பும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள், மலேசியாவில் எல்லாரும் மரத்துமேல்தான் குடியிருப்பார்களா என்று கேட்டார்கள். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்” என்று சேர்த்துக்கொண்டார். கொட்டகையே சிரித்தது.

பாடப் புத்தகத்தில் இருந்த ‘எஸ்கிமோ’ என்ற சொல்லை ஒரு பையன் சொன்னான். அது வெளியார் வைத்தது, எங்களில் பலருக்குப் பிடிக்காது, எங்களை நாங்கள் இனுவிட் என்போம், அதற்கு மனிதர்கள் என்று அர்த்தம் என்றார் மார்த்தா ஆன்ட்டி. உபதேசியார் சொல்லி வாய் மூடவில்லை.

“அவங்க மனுசங்கன்னா அப்ப நாங்கள்ளாம் என்னா, மாடா?” என்றார் அஞ்சலை அக்கா. அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்ட மார்த்தா ஆன்ட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம்தான் பெயர்க்கதை வந்தது. மார்த்தா என்பது பிறகு ஒட்டிய பெயராம். பிறந்தபோது வைத்த பெயர் அமாருக். அவர் பிறப்பதற்குச் சில வாரம் முன்னால் கடலில் போய் இறந்துபோன பெரியப்பாவின் பெயர் அது. அவர்கள் வழக்கத்தில் பெயருக்கு ஆண், பெண் கிடையாது. இறந்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைத்தால், அவரில் ஏதோ ஒன்று அந்தக் குழந்தையோடு திரும்பி வந்துவிட்டதாக நினைப்பார்களாம். அதனால் உறவு முறையும் அப்படியே வரும். பெரியம்மா அந்தக் கைக்குழந்தையை ‘என் வீட்டுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார். பெற்ற அம்மாவே மகளை ‘மச்சான்’ என்பார். பெரியப்பாவின் கத்தியும் நாய்களும் அந்தப் பெண் குழந்தைக்குத்தான். நல்ல கறித்துண்டு முதலில் அவருக்குத்தான். அவருக்கு ஐந்து வயதிருக்கும்போது பெரியம்மா அவரிடம் வந்து, இன்றைக்கு மீன் பிடிக்கப் போகட்டுமா என்று உத்தரவு கேட்பாராம்.

பெண்கள் பகுதி குலுங்கிவிட்டது.

“ஏய் அஞ்சலை, ஒம் புருசன் ஒனக்கே மகளா வந்து பொறந்தா எப்படிடி இருக்கும்?” என்றது ஒரு குரல்.

“ஐயோ சாமி, இந்த ஜென்மத்துல பட்டது பத்தாதா லா!”

சிரிப்பு அடங்கும்வரை மார்த்தா ஆன்ட்டி காத்திருந்தார். பிறகு, அதிகாரிகளின் வாயில் தங்கள் பெயர்கள் நுழையவில்லை என்பதற்காக, எண் பொறித்த சின்ன வட்டுகளைக் கொடுத்து, கழுத்தில் கட்டிக்கொள்ளச் சொன்ன கதையைச் சொன்னார். “நமக்கும் சம்பளச் செக்ரோல்ல நம்பர் இருக்குதான். ஆனா கூடவே பேரயும் எழுதுவாரே ஆபீஸ் கிராணி” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். ஏழு வயதில் ஒரு விமானம் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தொலைதூரத்துப் பள்ளி விடுதிக்குப் போனதாம். அங்கேதான் மார்த்தா என்ற பெயர். சொந்த மொழியில் பேசினால் பிரம்படி. முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பியது பதினைந்து வயதில். விமானம் இறங்கிய இடத்தில் பெரியம்மா காத்திருந்தார்; ஓடிவந்து, வந்துட்டீங்களா என்று கணவரைக் கேட்பதுபோலக் கேட்டாராம். கூட இறங்கிய பிள்ளைகளின் முன்னால் மார்த்தா ஆன்ட்டிக்கு வெட்கமாகிவிட்டது. என்னை அப்படிக் கூப்பிடாதே என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. சாகும்வரை ஒரு தடவைகூட.

“ரெண்டாவது வாட்டி தாலியறுத்த மாதிரி” என்றார் அஞ்சலை அக்கா. யாரும் சிரிக்கவில்லை. கோயிலில் வைத்து இந்தக் கதையைச் சொல்கிறாரே, அந்தப் பள்ளியை நடத்தியவர்களும் செபம் செய்கிறவர்கள்தானே என்று எனக்குத் தோன்றியது. திரும்பி அம்மாவைத் தேடினேன். கடைசி வரிசையில் இருந்த அம்மா எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். செத்தவர், பெயர், தாய் என்று இவ்வளவு நேரம் பேசியது அம்மாவைக் குத்திக் கிழித்திருக்கும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மார்த்தா ஆன்ட்டி, நான், பேபி மூன்று பேரும் ஸ்டோர் பக்கம் நடந்துபோனோம். மார்த்தா ஆன்ட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் பெயரெழுதி வாங்கிக்கொண்டிருந்தார். பேபி என்ன நினைத்தாளோ, பள்ளிப் பதிவில் உள்ளபடி ஆங்கிலத்தில் விமலா என்று எழுதிக் கொடுத்தாள்.

உன் பெயர் பேபி இல்லையா என்று கேட்டார் மார்த்தா ஆன்ட்டி. பேபி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அக்கா, காய்ச்சல், குழாயடி, அஞ்சலை அக்காவின் தீர்ப்பு எல்லாம். எங்கள் லயத்தார் எவ்வளவு நல்லவர்கள் பாருங்கள் என்ற பெருமையோடுதான் சொன்னேன்.

மார்த்தா ஆன்ட்டி நடையை நிறுத்திவிட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. என்னை யாரோ அடிக்கப் பார்ப்பதுபோல நான் ஓர் அடி பின்னால் போனேன்.

“இவளைக் கேட்டீர்களா?” என்றார்.

“எதை?”

“பெயரை எடுத்துக்கொள்ளலாமா என்று.”

நான் பேபியிடம் தமிழில் சொன்னேன். அவள் காலால் சரளைக்கல்லைத் தள்ளிக்கொண்டே, “பரவால்ல லா. அத்தை பாவம்லா” என்று என் அம்மாவைச் சொன்னாள். சற்றுக் கழித்து, “பள்ளிக்கொடத்துல ரிஜிஸ்டர் கூப்புடறப்ப மட்டும் நல்லாருக்கும்” என்றாள். நான் இரண்டாவதை மொழிபெயர்க்கவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது.

எங்கள் ஊராக இருந்தால் உன் அம்மா இவளுக்குப் புதுசாய்த் தோல் காலணி தைத்துக் கொடுத்திருப்பார் என்றார் மார்த்தா ஆன்ட்டி. மகளின் பெயர் உள்ள பெண் இன்னொருத்தி உயிரோடு நான்கு வீடு தள்ளி இருக்கிறாள் என்றால், தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுவார். அவளும் அம்மா என்பாள். நீங்கள் என்னடாவென்றால் இறந்தவளைப் பற்றிய பேச்சையும் நிறுத்தி, இருக்கிறவளின் பெயரையும் பறித்துவிட்டீர்களே என்றார். எங்கள் அன்பைப் போய் இந்த வெளியூர்க்காரி இப்படிப் பேசலாமா என்று எனக்குக் கோபம். அதே நேரத்தில், எண் பொறித்த வட்டுக் கதையில் வரும் அதிகாரிகளின் பக்கத்தில் அஞ்சலை அக்காவும் நானும் நிற்பதுபோல ஒரு திகில்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டதும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். மார்த்தா ஆன்ட்டி என்னிடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். உன் அம்மாவிடம் கேள்: விமலா என்ற பெயருள்ள பெண் இந்த லயத்தில் இருக்கிறாள், அந்தப் பெயரோடு அவள் இங்கே வந்து போகலாமா? விமலா என்று அவளைக் கூப்பிட உன் அம்மாவுக்கு விருப்பமா? நான் சொல்லிக் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். கேட்கிறேன், அவ்வளவுதான்.

அம்மாவின் நெஞ்சு வெடித்துவிடும் என்று அஞ்சலை அக்கா சொன்னது என் மனத்தில் அப்படியே, நிஜமான வெடிப்பாகப் பதிந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்தார்.

“என்னாடி சொல்றாங்க?”

“கோப்பி ரொம்ப நல்லாருக்காம்.”

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, “சரி, குடிக்கச் சொல்லு” என்றார். நான் மார்த்தா ஆன்ட்டியிடம் திரும்பி, அம்மா யோசித்துச் சொல்கிறாராம் என்றேன். இரண்டு பக்கமும் பொய். அவர் தலையசைத்துவிட்டுக் கோப்பியைக் குடித்தார். அந்த வாரக் கடைசியில் குழு கிளம்பிப் போனது. வேனில் ஏறுமுன் அவர் பேபியின் கையைப் பிடித்து, எல்லார் காதிலும் விழும்படி “விமலா” என்று கூப்பிட்டு விடை சொன்னார். அஞ்சலை அக்கா பதறிப்போய் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் கதவு சாத்தியிருந்தது.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களை வெட்டி முழுவதும் செம்பனை நட்டார்கள், பிறகு அதையும் வெட்டி வீடமைப்புத் திட்டம் வந்தது. குழாயடி இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அஞ்சலை அக்கா காலமாகிவிட்டார், அப்பாவும் போய்விட்டார். பேபி சுவா பக்கம் கல்யாணமாகிப் போய், போர்ட்டிக்சனில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறாள். எங்களுக்குள் அவள் இன்னும் பேபிதான். அடையாள அட்டையில் மட்டும் விமலா.

நான் சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன் எனக்கு மகள் பிறந்தாள். குழந்தை பிறந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லாத கவலைகள்: பால் போதுமா, மூச்சு சரியாக விடுகிறாளா, நான் செய்வது சரிதானா. அவற்றோடு பெயர்க் கவலையும் சேர்ந்துகொண்டது. குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவின் நெற்றி தெரிகிறது. உண்மையா, என் மனப்பிரமையா என்று எனக்கே சந்தேகம். மார்த்தா ஆன்ட்டியின் மக்களைப் பற்றி இணையத்தில் தேடிப் படித்தேன். ஊருக்கு ஊர் வழக்கம் கொஞ்சம் மாறுமாம், ஒரே பெயரைப் பல பேர் தாங்கலாமாம், பறிபோன பெயர்களைப் பலர் பத்திரங்களில் திரும்ப எழுத வைத்திருக்கிறார்களாம். அது அவர்கள் வழக்கம், அதைத் தூக்கி வந்து நம் வீட்டில் வைக்க எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. ஆனாலும் முதலில் அந்தப் பொய்யை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, குளியலறையில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றார்.

“என்னாம்மா தெரியும்?”

“அந்தம்மா பேரச் சொன்னது. இங்கிலீசுல பேசுனா மட்டும் எம் புள்ள பேரு மாறிருமா? ரெண்டு தடவ சொன்னாங்க. நீ கோப்பி நல்லாருக்குன்னு சொன்ன.”

மொழி தெரியாதவர் என்று நான் நினைத்து நினைத்து நடந்த அத்தனை ஆண்டும், அந்த ஒரு சொல்லுக்கு மொழியே தேவைப்பட்டிருக்கவில்லை.

“அப்பவே என்னக் கேட்டுருக்கலாமேம்மா.”

“புள்ள பயப்படுது, நாளைக்குச் சொல்லும்னு பாத்தேன். நாளான்னிக்குச் சொல்லும்னு பாத்தேன். அவங்களும் போயிட்டாங்க.” குழந்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “பேரச் சொல்லாதீங்கன்னு நான் யாருகிட்டடி சொன்னேன்? ஒருத்தருகிட்டயும் சொல்லல. அவங்களா நிறுத்திட்டாங்க. எனக்காகத்தான் செய்யறாங்க, போய் என்னான்னு கேக்கறது? ராஜம்மா கூப்ட்ட அன்னைக்கு நான் ஓடியாந்தேன் பாரு, அந்த ஒரு நிமிசம் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

வெந்நீர் எடுத்துக் கொடு என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மாலையே பேபியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லி, என் மகளுக்கு விமலா என்று பெயர் வைக்க நினைக்கிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

“இப்பவாச்சும் கேட்டியே” என்றாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “வையேன், பேரு என்ன எனக்கு மட்டும் சொந்தமா? ஆனா ஒண்ணு கேக்கறேன் ரீத்தா. அத்தை இத்தன வருசமா என்னப் பாத்து அந்தப் பேரச் சொன்னதில்ல. ஒம் புள்ளைக்கு வச்சிட்டா நாளைக்கு நூறு வாட்டி சொல்லுவாங்க. அப்ப நான் வந்தா, நான் பேபியாவே இருக்கணுமா?”

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா நிச்சயம் பேபியைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். ஆனால் அறுபத்தெட்டு வயதில், இரத்த அழுத்த மாத்திரையோடு, நாற்பதை நெருங்கும் ஒரு பெண்ணைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்ல அவர் உடம்பு தாங்குமா என்று மறுபடியும் அஞ்சலை அக்காவைப் போலவே நான் கணக்குப் போடுகிறேன். சொல்லாமல் விட்டால், அம்மாவுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று மறுபடி நானே முடிவு செய்தவளாவேன். என் கணவர், உன் இஷ்டம் என்கிறார். எனக்கு வேண்டாதது அது ஒன்றுதான்.

பிறப்புப் பதிவுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பேபி குழந்தையைப் பார்க்க வருகிறாள். இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருந்தால், அல்லது வேறொருவருக்காகத் தன் பெயரை விட்டுக்கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நிற்கப்போகிறவளை, அம்மாவுக்கு முன்னால் நான் என்னவென்று கூப்பிட்டு உள்ளே அழைப்பது?